வாயும் வயிறும், நடுவில் ஒரு கிரகணமும்

எங்கள் தெருவில், பஞ்சாங்கத்தில் இல்லாத, வானத்திலும் நடக்காத ஒரு கிரகணத்தைப் பிடிக்கவைத்தவன் நான். அதுவும் ஒரே ஒரு நாள் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். நாலைந்து நாள், தினமும் பொழுது சாய்ந்ததும் பிடித்து மறுநாள் காலையில் விட்டது. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் செய்கிற காரியமா இது என்று கேட்கலாம். வேறு யார் சொல்லியிருந்தாலும் தெரு நம்பியிருக்காது என்பதுதான் என் பதில்.

இதில் எனக்குக் கூடுதல் கேவலம் ஒன்று உண்டு. என் மனைவி எங்கள் மகளைச் சுமந்துகொண்டிருந்தபோது நிஜமாகவே ஒரு சூரிய கிரகணம் வந்தது. தெருவே கதவடைத்து, தண்ணீர்க் குடத்தில் தர்ப்பைப் புல்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த நேரத்தில், நான் வாசலில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்து, தட்டில் இட்லியை வைத்து, "சாப்பிடு, ஊர் பாக்கட்டும்" என்றேன். கர்ப்பிணி கிரகண நேரத்தில் சாப்பிட்டால் குழந்தைக்கு ஆகாது என்பது மூடநம்பிக்கை என்று நிரூபிப்பது என் திட்டம். ஊர் கதவடைத்திருந்ததால் யாரும் பார்க்கவில்லை. சட்னி தீர்ந்ததுதான் மிச்சம்.

கர்ப்பிணி எந்த நேரத்தில் சாப்பிட்டால் என்ன என்று அன்று முழங்கிய அதே வாய்தான், முப்பது வருடம் ஆகப்போகிற நிலையில், அன்று வயிற்றில் இருந்த அதே மகளிடம், "பொழுது சாஞ்சா சாப்பிடாதம்மா" என்று சொன்னது. அறிவியல் வளர்கிறது. நான் மட்டும் அப்படியே இருக்க முடியுமா?

மகளுக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை. கடல் தாண்டி இருக்கிற ஏதோ கம்பெனிக்காரர்கள் அவர்கள் ஊர்ப் பகலில் விழித்திருக்க, அவர்களுக்குப் பதில் சொல்ல இவள் நம் ஊர் இரவில் விழித்திருக்க வேண்டும். மாப்பிள்ளை கடற்கரையோரம் அணுசக்தி ஊழியர் குடியிருப்பில் இருக்கிறார், ஆராய்ச்சி வேலை. வளைகாப்பு முடிந்து மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆபீசில் பெரிய மனது வைத்து, "வூட்ல இருந்தே வேலை பாக்கலாம்" என்றார்கள். அதாவது இரவு மட்டும் மாறவில்லை, நாற்காலி மாறியது.

அவள் வந்த பிறகுதான் எங்களுக்கு அவள் சாப்பாட்டு நேரம் தெரிந்தது. விடியும் முன் படுப்பாள். நாங்கள் காலைச் சாப்பாடு முடித்து, பாத்திரம் கழுவி, மத்தியானத்துக்குக் குழம்பு கொதிக்கும்போது எழுந்து பல் தேய்ப்பாள். முதல் வேளை அதுதான். மாலையில் ஏதோ கொறிப்பாள். நடு இரவில், வேலைக்கு நடுவே, சரியாகப் பசிக்கும். வாசல் கதவில் ஒரு பிரியாணிப் பொட்டலம் தொங்கும். பத்தாததற்குப் பக்கத்து வீட்டுக்காரம்மா. அவர் கணவர் வேன் ஓட்டுகிறவர். சுற்றுலா வருகிறவர்களை முட்டுக்காட்டுப் படகுத் துறைக்கும் கோவளத்துக்கும் ஏற்றிக்கொண்டு போய்விட்டு, கடைசி சவாரி முடிந்து திரும்பும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கடையில் பரோட்டா வாங்கிவருவார். அதில் பாதி, சால்னாவோடு, காம்பவுண்டுச் சுவர் தாண்டி எங்கள் வீட்டுக்கு வரும். வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு தான் மட்டும் தின்பது எங்கள் தெருவில் நடக்காத காரியம்.

நான் தினமும் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் வீடு திரும்புகிறவன். அந்தப் பயணத்தில் எனக்குத் தூக்கம் வராமல் இருக்கும் நாட்களில் ஏதாவது படிப்பேன். அப்படி ஒரு நாள் படித்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

நம் உடம்புக்குள் ஒன்றல்ல, பல கடிகாரங்கள் ஓடுகின்றன. மூளையில் இருப்பது தலைமை அலுவலகம். அது வெளிச்சத்தைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்கிறது. ஈரல், குடல் எல்லாம் கிளை அலுவலகங்கள். அவை சாப்பாடு வருகிற நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்கின்றன. தலைமை அலுவலகம் ராத்திரி என்று விளக்கை அணைக்கிறது. கிளை அலுவலகத்திலோ அப்போதுதான் பிரியாணி வந்து இறங்குகிறது. இதனால் உள்ளே ஏற்படும் நிர்வாகக் குழப்பம், அரசுக் கல்லூரியில் வேலை செய்யும் எனக்கு விளக்காமலே புரிந்தது. வயிற்றில் இருக்கிற சிசுவின் நிலை இன்னும் பரிதாபம். அதற்கு ஜன்னல் கிடையாது. வெளியே பகலா இரவா என்று சொல்ல அம்மாவை விட்டால் ஆள் இல்லை. அம்மா சாப்பிடுகிற நேரம், தூங்குகிற நேரம், அவள் உடம்புச் சூடு ஏறி இறங்குவது, இவைதான் அதற்குக் கேட்கிற மணியோசை. தாய் எலிக்குத் தப்பான நேரத்தில் தீனி போட்டால் குட்டிகளின் கடிகாரமும் அந்தப் பக்கம் நகர்ந்துவிடுகிறதாம்.

'வாயும் வயிறுமா கீற பொண்ணு' என்று ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அன்று பஸ்ஸில்தான் அதைப் பிரித்துப் பார்த்தேன். வாய் அவளுடையது. வயிற்றில் இருப்பது இன்னொரு ஆள். வாய் சொல்கிற நேரத்தைத்தான் அந்த ஆள் நம்பியாக வேண்டும்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தேன். என் மனைவி மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். எதையும் வேரோடு பிடுங்கிப் பார்க்காமல் விடமாட்டாள்.

"யாரு சொன்னது?"

"எலிங்கள வெச்சுப் பாத்திருக்காங்க."

"எலி ராத்திரிலதான துன்னும்?"

"அதுக்கு அதான் சரியான நேரம். அதுக்குப் பகல்ல தீனி போட்டுப் பாத்தாங்க."

"அப்ப நேரங்கெட்ட நேரத்துல துன்ற எலி நம்ம பொண்ணு. அத்த சொல்றதுக்கு இம்மாம் பெரிய கட்டுரையா?" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். அவள் யோசித்தால் எனக்கு ஆபத்து. "கிரகணத்துல என்ன வாசல்ல குந்தவெச்சு, துன்னு துன்னுன்னு தட்ட நீட்டினது யாரு? அன்னிக்கி எந்த நேரத்துலயும் துன்னலாம். இன்னிக்கி துன்னக்கூடாதா?"

மாப்பிள்ளைக்கு போன் போட்டேன். ஆராய்ச்சியாளர், ஆதரவு கொடுப்பார் என்று நம்பினேன். தென்காசிப் பக்கத்து மரியாதையோடு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எலிக்குச் சரிதான் மாமா. மனுசங்களுக்கு இன்னும் அவ்வளவு உறுதியாச் சொல்லலைல்லா?" என்றார். நானும் ஒப்புக்கொண்டேன். அதுதான் உண்மை. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மகள் அறை வாசலில் நிற்கிறாள். கழுத்தில் ஹெட்செட். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"உறுதியாத் தெரியலன்னா என்னப்பா? நேரத்துக்குச் சாப்பிடறதால நஷ்டம் ஒண்ணும் இல்லையே" என்றாள்.

நான் ஒரு சின்னச் சொற்பொழிவுக்குத் தயாராக இருந்தேன். அதற்கு அவசியமே இல்லாமல் போய்விட்டது. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அவளே பேசினாள்.

"நான் காலை வெயில்ல நின்னு எவ்ளோ நாளாச்சு தெரியுமா? ஞாயித்துக்கெழம எல்லாரும் பீச்சுக்குப் போனா எனக்கு மணல்ல தூக்கம் வருது. எனக்கு எப்ப பசிக்கும்னு எனக்கே தெரியாது. இதுவும் நைட் ஷிஃப்ட்லயே பொறக்கக் கூடாதுப்பா. இதுக்கு ராத்திரின்னா ராத்திரியா இருக்கணும். காலையில எழுந்து பசிச்சு அழணும்."

"பகல் ஷிஃப்ட் கேட்டியே, என்ன ஆச்சு?"

"கேட்டேன். டீம்ல ஆள் இல்லையாம். லீவு முடிஞ்சு வாங்க, பேசிக்கலாம்னு சொல்றாங்க. ஷிஃப்ட் என் கையில இல்ல. வாய் என் கையிலதான இருக்கு?"

மறுவாரம் செங்கல்பட்டில் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மாவிடமே கேட்டாள். அவர் என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். யார் படித்துவிட்டு வந்திருப்பார்கள் என்று கண்டுபிடிக்க அது போதுமாயிருந்தது. "பட்டினி மட்டும் கூடாது. மூணு வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்க, ராத்திரிச் சாப்பாட்ட முன்னாடியே முடிச்சுக்குங்க. நடுவுல பசி தாங்கலன்னா பால் குடிங்க. எலி வெவகாரத்த உங்க அப்பா பாத்துக்கட்டும்" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் புதிய சட்டம். இருட்டுவதற்குள் இரவுச் சாப்பாடு. பிறகு தண்ணீர், முடியாவிட்டால் ஒரு டம்ளர் பால். காலையில் தூக்கம் எவ்வளவு பாக்கி இருந்தாலும் எழுந்து நாஸ்தா, கொஞ்ச நேரம் வாசல் வெளிச்சத்தில் உட்கார்தல். அதன் பிறகு ஜன்னலுக்குக் கறுப்புத் திரையை இழுத்துவிட்டு மிச்சத் தூக்கம்.

இதில் எழுப்புகிற வேலை எனக்கு. தூங்கிக்கொண்டிருக்கும் கர்ப்பிணியைத் தட்டி எழுப்புவதைவிடக் கொடிய உத்தியோகம் உலகத்தில் இல்லை. முதல் சில நாள் அவள் கண்ணைத் திறக்காமலே சாப்பிட்டாள். இட்லியைப் பிட்டு, தட்டில் சட்னி இல்லாத பக்கமாகத் தொட்டுத் தொட்டு வாயில் போட்டுக்கொள்வாள். நான் பேசாமல் தட்டைத் திருப்பி வைப்பேன். ஒரு நாள்கூட "இன்னிக்கி வேணாம்ப்பா" என்று சொல்லவில்லை. சொல்வாள் என்று நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். சொல்லியிருந்தால் நானும் போய்ப் படுத்திருப்பேன்.

சட்டம் அமலுக்கு வந்த இரண்டாம் நாள் காலை, கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரம்மாவின் தலை தெரிந்தது.

"இன்னா சார், நேத்து குடுத்த பரோட்டா அப்டியே திரும்பி வந்துகீது? பாப்பாவுக்குப் புடிக்கலியா?"

"புடிக்கும்மா. இனிமே இருட்டினப்புறம் அவளுக்கு எதுவும் குடுக்காதீங்க."

"ஏன் சார், கிரகணமா?"

உடம்புக் கடிகாரம் என்று ஆரம்பித்தால் பஸ் போய்விடும். தவிர, வேடிக்கையாக எழுதிப் பழகியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது பாதி வாக்கியத்தை எடுத்துக் கொடுத்தால் மீதியை முடிக்காமல் இருக்க முடியாது.

"ஆமா. கொழந்த பொறக்கற வரைக்கும் தினமும் கிரகணம்தான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எதற்கும் சிரிக்கிற மனுஷி. அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் மாலை அவர் கணவர் வேனைக் கழுவிக்கொண்டே கேட்டார். "அண்ணாத்த, கிரகண நேரத்துல வண்டி ஓட்டலாமா?" என்னைப்போல அவரும் ஜோக் அடிக்கிறார் என்று நினைத்து, "டீசல் போட்டா ஓடும்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அறிவியல்பூர்வமான பதில் கிடைத்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. நானும் அதில் இருக்கிறேன். காலை வணக்கப் பூக்களின் தொல்லை தாங்காமல் அதன் வாயை அடைத்துவைத்திருந்தேன். அதனால் அதில் என் பெயரால் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் தெருவில் எனக்கு மரியாதை கொஞ்சம் கூடியிருந்தது மட்டும் தெரிந்தது. பால் கடையில் எனக்கு வழிவிட்டார்கள். என் எழுத்தை யாரோ படிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு நாள், நாங்கள் சாப்பிட்டு முடித்துப் பாத்திரங்களை ஒழித்துக்கொண்டிருந்தபோது, வாசல் கதவை யாரோ பூனை பிராண்டுவது போலத் தட்டினார்கள். திறந்தால், தெருக் கடைசி வீட்டு மருமகள். மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்த பெண், பிரசவ லீவில் இருக்கிறாள். நிலா வெளிச்சம் மேலே படக்கூடாதென்று தலையோடு சேர்த்து ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

"சார், இந்த கிரகணம் எப்ப சார் வுடும்? பசி உயிர் போவுது."

"எந்தக் கிரகணம்மா?"

"நீங்க வுட்ட கிரகணந்தான் சார்."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். என் மனைவிதான் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, நாற்காலியில் உட்காரவைத்து, சோற்றைப் போட்டு மீன் குழம்பை ஊற்றினாள். "மொதல்ல துன்னு. அப்பறமா இவரு இன்னா பண்ணாருன்னு கேக்கலாம்."

நாலு வாய் போனதும் அந்தப் பெண் இடது கையால் போனை எடுத்து ஒரு குரல் பதிவை ஓடவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரம்மாவின் குரல் கணீரென்று வந்தது. "சயின்ஸ் சார் சொல்லிகிறாரு, இப்ப தெனிக்கும் ராத்திரி கிரகணமாம். கண்ணுக்குத் தெரியாதாம். டிவில சொல்ல மாட்டாங்க, ஜனம் பேஜாராயிடும்னு. வாயும் வயிறுமா கீற பொண்ணுங்கோ இருட்டினப்புறம் ஒண்ணும் துன்னக்கூடாது. அவரு பொண்ணே ஜன்னல்ல கறுப்புத் துணி கட்டிகினு உள்ளதான் கீது. நானே என் கண்ணால பாத்தேன்."

யோசித்துப் பார்த்தால் எல்லா ஆதாரமும் இருக்கிறது. இருட்டினால் சாப்பாடு கிடையாது. கர்ப்பிணி வெளியே வருவதில்லை. ஜன்னலில் கறுப்புத் திரை. சொன்னவர் இயற்பியல் ஆசிரியர். அதிலும், கிரகணத்தில் பெண்டாட்டிக்கு இட்லி கொடுத்ததாக இத்தனை வருடமாகத் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டவரே இப்போது பயந்துவிட்டார் என்றால் விஷயம் பெரியதாகத்தான் இருக்க வேண்டும்.

சத்தம் கேட்டு மகள் அறையிலிருந்து வந்தாள். பொழுதோடு சாப்பிட்டவள், பின்னிரவுவரை வேலை. மீன் குழம்பு வாசனை அவளை என்ன செய்தது என்று அவள் தொண்டை ஏறி இறங்கியதில் தெரிந்தது. எதிரே உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் தட்டில் தானே இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"நீ துன்னலியா அக்கா? உனக்கு மட்டும் இன்னும் வுடலியா?"

"எனக்கு யாரும் பிடிக்க வைக்கல. நானே வெச்சுகிட்டது." மகள் சிரித்தாள். "நீ இப்ப ராத்திரி தூங்கறல்ல?"

"ஷிஃப்ட்டு இல்லியே. நல்லா தூங்குவேன். இப்பதான் பசில தூக்கம் வர்ல."

"அப்ப உன் கொழந்தைக்கு நேரம் சரியாத்தான் ஓடுது. நீ ராத்திரி வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கு. நான் ராத்திரி முழிச்சிகினு இருக்கறவ. முழிச்சிருந்தா வாய் எதையாவது கேட்டுகினே இருக்கும். உள்ள இருக்கறது அதப் பகல்னு நெனச்சிக்கும். அதனாலதான் நான் சாப்பிடறதில்ல. வேற ஒண்ணுமில்ல."

நான் பஸ்ஸில் படித்து, வீட்டில் முழங்கி, மாப்பிள்ளையிடம் வாதாடிய முழு விஷயமும் அவ்வளவுதான். அதைச் சுவரோரம் நின்று இரண்டு நிமிடத்தில் நானும் சொல்லியிருக்கலாம். பஸ்ஸும் கிடைத்திருக்கும்.

அதற்குள் வாசலில் கூட்டம். மருமகளைக் காணோமென்று மாமியார் தேடி வந்துவிட்டார். அவரோடு பக்கத்து வீட்டுக்காரம்மாவும் வேன்காரரும். மகள் ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். இரண்டு பெரிய வயிறுகள் முன்னால் போக, நான் பின்னால் போனேன். கடல் பக்கத்து வீட்டு மாடிகளுக்கு மேலே, பௌர்ணமி கழிந்த நிலா வந்து நின்றிருந்தது.

"பாருங்க அத்தை. எங்கயாவது கடிச்சாப்ல இருக்கா?"

மாமியார் முந்தானையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்துப் பார்த்தார். "முழுசாத்தான் கீது."

"அப்ப இனிமேதான் புடிக்குமா?" என்றார் வேன்காரர்.

"பிடிக்காதுண்ணா. கிரகணமே இல்ல. எங்கப்பா சும்மா சொன்னாரு."

பக்கத்து வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தார். "சும்மா சொன்னீங்களா? சயின்ஸ் சார் சும்மா சொல்வீங்களா?"

"தமாஷுக்குச் சொன்னேம்மா."

"அத்த சொல்லிட்டு சொல்லணும்ல சார்? சிரிக்கறதா பயப்படறதான்னு எங்களுக்கு இன்னா தெரியும்?"

இத்தனை வருடமாக எழுதிவருகிறேன். என் எழுத்தைப் பற்றி இவ்வளவு சரியாக ஒரு விமரிசனம் வந்ததில்லை.

மாமியார் என் மேல் பாய்ந்தார். "நாலு நாளா எம் மருமவள பட்டினி போட வெச்சிட்டியே சார்! நான் இன்னா கல்நெஞ்சுக்காரியா? அது பொரண்டு பொரண்டு படுக்கறப்ப எனக்கும் சோறு எறங்கல." அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன். மருமகள்தான் காப்பாற்றினாள். "வுடு அத்த, அழாத. தலவாணிக்கடில பன்னு வெச்சிருந்தேன். இன்னிக்கி தீந்துபோச்சு, அதான் சார் வூட்டுக்கு வந்தேன்."

மறுநாள் வீடு வீடாகப் போய் கிரகணத்தை ரத்து செய்தேன். கிரகணத்தை அறிவிப்பது சுலபம், திரும்பப் பெறுவது கஷ்டம். ஒரு வீட்டில், "அப்ப விட்ட கிரகணத்துக்குத் தலைக்குக் குளிக்கணுமா?" என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டில், "மேல இருந்து சொல்ல வேணாம்னுட்டாங்களா சார்?" என்று குரலைத் தாழ்த்திக் கண்ணடித்தார்கள். நகைச்சுவை என்ற பேச்சையே எடுக்காமல், வாத்தியார் குரலில் பேசிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு தெரு என் மகளின் சட்டத்தை எடுத்துக்கொண்டது. பொழுது சாய்வதற்குள் எங்கள் வாசலுக்குக் கிண்ணங்கள் வரும். ஒரு வீட்டிலிருந்து வஞ்சிரம் வறுவல், ஒரு வீட்டிலிருந்து முருங்கைக்கீரை அடை. "இருட்டறதுக்குள்ள துன்னச் சொல்லுங்க" என்று அவசரப்படுத்துவார்கள். வேன்காரரின் பரோட்டா மட்டும் அவர் வந்தால்தான் வரும். அதனால் அது சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஒரு இரவு, வேலை இடைவெளியில் வெளியே காற்றுக்கு வந்த மகள் பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் கையை நீட்டி, "அக்கா, பொட்டலத்த மட்டும் குடுங்க" என்றாள். கண்ணை மூடி நன்றாக இழுத்து மோந்து பார்த்தாள். அப்படியே திருப்பிக் கொடுத்தாள். உள்ளே போய் ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டு மறுபடி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். நானாக இருந்தால் பொட்டலம் திரும்பிப் போயிருக்காது.

செங்கல்பட்டில் பிரசவம். பெண் குழந்தை. அம்மாவும் குழந்தையும் நலம். வீட்டுக்கு வந்த அன்றே நான் என் மனைவியிடம், "பாரு, எவ்ளோ அமைதியாத் தூங்குது" என்றேன். அப்போது பட்டப்பகல். குழந்தை அந்தப் பகல் முழுக்கத் தூங்கியது. ராத்திரி விளக்கை அணைத்ததும் எழுந்து, கை காலை உதைத்து, தெருவுக்கே கேட்கும்படி வேலையை ஆரம்பித்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

"உங்க எலி பொறந்துடுச்சு" என்றாள் என் மனைவி.

நான் துவண்டுபோனேன். மகள் துவளவில்லை. "பொறந்த உடனே கடிகாரம் ஓடிடுமா? சாவி குடுக்க வேணாமா?" என்றாள். எனக்கு முன்னால் அவள் படித்திருந்தாள். பச்சைக் குழந்தைக்கு இரவு பகல் பிடிபட வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். தாய்ப்பால்கூட வேளைக்கு வேளை ஒன்றாக இருப்பதில்லை. இரவில் சுரக்கும் பாலில் தூக்கத்துக்கான சுரப்பு அதிகம். மணியடிக்கிற வேலை வெளியிலும் தொடர்கிறது.

லீவில் இருந்ததால் இப்போது இரவு அவளுக்குச் சொந்தம். அதை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை. காலையில் குழந்தையை எடுத்துக்கொண்டு வாசல் வெயிலில் உட்காருவாள். பகலில் சமையல்கட்டு சத்தம், மிக்சி, எதிரே கல் பட்டறையின் உளிச் சத்தம், எதற்கும் கதவைச் சாத்தக்கூடாது. தான் சாப்பிடுவது மூன்று வேளையும் வெளிச்சத்தில். ராத்திரி பால் கொடுக்கும்போது விளக்கு கிடையாது, போன் கிடையாது, பேச்சு கிடையாது. இதில் பெரிய குற்றவாளி நான்தான். இரவில் குழந்தை விழித்தால் எனக்குப் பொறுக்காது. போய்க் கன்னத்தை உப்பி, ஆந்தை மாதிரி முழித்துக் காட்டுவேன். மூன்றாவது தடவை பிடிபட்டபோது மகள் இருட்டிலிருந்து சொன்னாள்: "அப்பா, நீ தாத்தாவா, நைட் ஷிஃப்ட் மேனேஜரா?" அதோடு எனக்கு இரவு அனுமதி ரத்து.

திங்கட்கிழமைதோறும் அவள் ஆபீசுக்கு ஒரு போன் போடுவாள். சண்டை போட மாட்டாள், அழ மாட்டாள். போன வாரம் கேட்டதையே இந்த வாரமும் கேட்பாள். "லீவு முடிஞ்சு வரேன். பகல் டீம்ல வரேன்." அந்தப் பக்கம் ஏதோ சொல்வார்கள். "சரி, அடுத்த வாரம் பேசறேன்" என்று வைத்துவிடுவாள்.

மூன்றாம் மாதம் ஒரு காலை, நான் எழுந்தபோது வீட்டில் ஏதோ குறைவது போல இருந்தது. பிறகுதான் புரிந்தது, இரவு யாரும் அழவில்லை. எட்டிப் பார்த்தேன். மகளும் குழந்தையும் ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். ஜன்னலில் கறுப்புத் திரை இல்லை. வெயில் முகத்தில் விழுந்ததும் குழந்தை எழுந்து, பசிக்கிறது என்று அழுதது. அதன் அம்மா எழுந்து, தனக்கும் பசிக்கிறது என்றாள். மறுநாளும் அப்படியே. இரண்டொரு வாரத்தில் ஆபீசிலும் இறங்கிவந்தார்கள். பகல் ஷிஃப்ட். அந்த போனை வைத்துவிட்டு அவள் நேராகச் சமையல்கட்டுக்குப் போய், நின்றபடியே மூன்று தோசை சாப்பிட்டாள். பட்டப்பகலில்.

எனக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சுவரோரம் போனேன். பக்கத்து வீட்டுக்காரம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடவை ஜோக் எதுவும் கலக்காமல், தலைமை அலுவலகம், கிளை அலுவலகம், ஜன்னல் இல்லாத வயிறு, இருட்டுவதற்குள் சாப்பாடு, ராத்திரிப் பால் என்று முறையாக எல்லாவற்றையும் விளக்கினேன். மூணாம் மாசமே எங்கள் பேத்தி இரவெல்லாம் தூங்குகிறாள் என்று முடித்தேன்.

அவர் கடைசித் துணிக்குக் கிளிப்பை மாட்டிவிட்டுத் திரும்பினார்.

"அப்டியா சார்? எம் புள்ளயும் மூணாம் மாசந்தான் ராத்திரி தூங்க ஆரம்பிச்சான். நான் மாசமா இருந்தப்ப முச்சூடும் ராத்திரி பரோட்டாதான் துன்னுகினு இருந்தேன்."